காம்படிக் கிணறு

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன்; ஆறு பேர் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருந்தாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

ஊரை விட்டு வந்து வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பக்கத்து வீட்டில் எத்தியோப்பியப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஊருக்குக் குழாய்க்கிணறு அடித்துக் கொடுக்க, எண்பத்தாறில் தேவாலயத்துக் கீழ் மண்டபத்தில் காசு சேர்த்தார்கள். நானும் வடை சுட்டுக் கொடுத்தேன். கடைசிக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் அந்த ஊரின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, றோட்டோரம் சிவப்புப் புள்ளி வைத்தார். கிணறு அங்கேதானாம். துளை போடுகிற லொறி போக அதுதான் வசதியாம். புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சதுரம் இராணுவம் இருக்கிற ஆமிக் காம்ப்.

எத்தியோப்பியப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் காம்புக்கு முன்னால்தான் அவளுடைய தங்கையைத் தண்ணீர்க் குடத்தோடு ஆமிக்காரர் மறித்து, துவக்குப் பிடியால் அடித்துக் கொன்றார்கள். என் மகளிடம் அவள் சொல்லி அழுதது எனக்குத் தெரியும். தாய் இன்னும் அங்கேதான். வாய் திறந்தால் கிணறே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

நான் எழும்பினேன். "பிள்ளை, நான் சொல்லுறதை இங்கிலீசிலை சொல்லு."

"சும்மா இருங்கோ அம்மா. நாங்கள் வடை குடுக்க வந்தனாங்கள்" என்றாள் மகள்.

"வடை முடிஞ்சுது. சொல்லு."

நான் சொன்னது இதுதான்: எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான், மற்றதெல்லாம் உவர். அதற்குப் பக்கத்தில் ஆமி வந்து இருந்தது. என் மூன்றாவது மகன் வாளியோடு போனான். சுட்டார்கள். கிணற்றுக்குள் விழுந்தான். கயிறு கட்டித் தூக்கியபோது அவனுக்குத் தாடை இல்லை. வழக்கப்படி மூன்று நாள் கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட்டோம். தண்ணீர் தெளிந்துவிட்டது. ஊரில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. நான்காம் நாள் நான் குடித்தேன். பிள்ளைகளுக்கும் பருக்கினேன். வேறு தண்ணீர் ஏது?

"தண்ணி அங்கை இருந்தா, சுடுவாங்கள் எண்டு தெரிஞ்சும் சனம் போகும்" என்றேன். மகள் அதையும் இங்கிலீசில் சொன்னாள்.

லொறி ஊருக்குள் போகாது என்றார் அந்த வெள்ளைக்காரர். நான் போய் அந்தப் புள்ளியை நகத்தால் கிழித்தெடுத்தேன். எத்தியோப்பியப் பெண் எழும்பி வந்து, குடிசைகளுக்குப் பின்னால் பேனையை ஊன்றினாள். "ஊரார் கையால் தோண்டுவார்கள்" என்றாள்.

தோண்டினார்கள். ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. போன மாசம் படம் வந்தது. அவளுடைய தாய் பம்பை அடிக்கிறாள்.

பேரக்குஞ்சு, இதை உரத்து வாசி, அண்டைக்கு இங்கிலீசிலை சொன்ன கொம்மாவும் கேக்கட்டும். தாடை எண்ட இடத்திலை நில்லாதை. நான் குடிச்ச இடத்தையும் விடாதை.