சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு நற்சாட்சிப் பயணம்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். 7.20-க்கு வேலூரில் சென்னைப் பேருந்து ஏறினேன். பையில் ராணுவப் பணிச் சான்று, ஆதார் நகல் இரண்டு, பேனா இரண்டு.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் காஷ்மீர் எல்லையில் ஒரு முகாமில் எழுத்தராக இருந்தேன். எல்லையோரக் கிராமத்தார் எங்கள் காவல் முனைக்குக் கோவேறு கழுதைகளில் மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றி வருவார்கள். அவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமானால், 'இவர் நம்பத் தகுந்தவர்' என்று முகாமில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். குலாம் என்பவருக்கு நான் கையெழுத்திட்டேன்.

அவர் மகன் இம்தியாஸ் இப்போது ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தங்கியிருப்பது சுங்குவார்சத்திரத்தில். போன மாதம் எல்லையில் சண்டை மூண்டது முதல் வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வந்து பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். அறை போனால் கம்பெனி பஸ் இல்லை, பஸ் போனால் வேலை இல்லை. குலாம் போனில் கேட்டார், புறப்பட்டுவிட்டேன்.

9.45. சுங்குவார்சத்திரம். என் கணக்கில் எண்பத்தைந்து கிலோமீட்டர். நிறுத்தத்தில் டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை அதிகம்.

10.10. இரண்டு மாடி, ஒன்பது அறை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பையன்கள் பதினாறு பேர், இம்தியாஸோடு பதினேழு. வீட்டுக்காரர் மேரியம்மா கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். என் காகிதங்களை அவர் தொடவில்லை.

"இவன எத்தினி வருசமா தெரியும் சார்?"

"இன்னைக்குத்தான் பாக்குறேன்மா. அவங்க அப்பாவத் தெரியும்."

"நல்லாகீது! அப்பனா என் வூட்ல குடிகீறான்?"

அவரே தொடர்ந்தார். "சண்ட வந்ததுலேர்ந்து விடிகாலைல ரூம் ரூமா கதவத் தட்றான். வாசல்ல நின்னு ஆள எண்றான். இன்னாவோ நோட்ல எய்தறான், அதுவும் நமக்குப் புரியாத எய்த்துல. நான் இன்னான்னு நெனைக்கறது?"

கேட்டதும் எனக்குக் குலாம் நினைவுக்கு வந்தார். "நோட்டைக் கொண்டு வா" என்று இம்தியாஸிடம் இந்தியில் சொன்னேன். அவன் திருநெல்வேலித் தமிழில், "இந்தா எடுத்தாரேன் அங்கிள்" என்றான். அறை நண்பர்கள் கற்றுக்கொடுத்த தமிழ்!

உருது எழுத்தில் இருந்ததை நின்றபடியே தமிழில் வாசித்தான்: "திங்கள். மாரிக்கு ரெண்டு தட்டு, பொறவு எந்திச்சான். ஐசக் காய்ச்சல், வரல, மாத்திர குடுத்தாச்சு. அவனயும் சேத்து மொத்தம் பதினேழு, சரி."

மேரியம்மாவுக்கு நான் விளக்கினேன். குலாமின் ஊரில் ஷெல் விழத் தொடங்கினால் ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். பதுங்குகுழி வாயிலில் நின்று தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் திரும்ப வெளியே ஓடுவார். அந்த வேலை குலாமுடையது. ஒருமுறை அங்கே மாட்டிக்கொண்ட என்னையும் எண்ணிச் சேர்த்தார்.

இம்தியாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சண்ட வந்தப்போ நாலு நாளு வீட்டுக்குப் போன் போகல அக்கா. கை சும்மா இருக்க மாட்டேங்கு. அதான் இங்க உள்ளவங்கள எண்ணுதேன்."

மேரியம்மா அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இத மின்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?" என்றார். பிறகு, "ஆனா குடிகீறவன் பேர ஸ்டேஷன்ல குடுக்கற போலீஸ் ஃபாரத்துல உள்ளூர் ஆளு கையெய்த்து வோணும். நீ வேலூரு சார்."

அது என் பையில் இல்லாத ஒன்று.

2.15. மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஓட்டுநர் சேகர், வல்லக்கோட்டைக்காரர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியாகவே தொடங்கிவிட்டார்.

"இன்னாக்கா, இவனத் தொரத்தப் போறியாமே? மின்னல்லாம் காலைல ஆரன் அடிச்சிகினே கெடப்பேன், ஒருத்தனும் எறங்க மாட்டான். இப்ப வண்டி நிக்கறதுக்குள்ள வாசல்ல ரெடியா நிக்கறானுங்க. இவன அனுப்பிட்டு நீ வந்து எய்ப்பி உடுவியா?"

மாடியிலிருந்து ஒரு குரல்: "அக்கா தட்டுனா கதவே ஒடஞ்சிரும்லா!"

"எவன்டா அவன்? தண்ணி மோட்டார நிறுத்திடுவேன்!" என்று சீறிய மேரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டியரிங் மேலேயே படிவத்தை வைத்து சேகர் கையெழுத்திட்டார். அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே மேரியம்மா. 2.22-க்குப் பஸ் புறப்பட்டது. அன்று இம்தியாஸுக்கு விடுப்பு. படிவத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, எல்லோருமாக பிரியாணி சாப்பிட்டோம். குலாமுக்கு வீடியோ போன் போட்டோம். மேரியம்மா தமிழில் பேசினார், குலாம் தன் மொழியில் பேசினார். இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லையில் என் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. இங்கே, தினமும் அவனைப் பார்க்கிறவர் ஒருவர் தேவைப்பட்டார். இந்த முறைதான் சரி என்று படுகிறது. இரவு ஐசக்கின் அறையில் காலியாக இருந்த கட்டிலில் படுத்தேன்.

படுக்கப் போகுமுன் மேரியம்மா மாடிப்படியில் நின்று இம்தியாஸிடம் சொன்னார்: "டேய், நாளைக்கு அஞ்சரைக்கு சர்ச்சுல பூச. என் பேரையும் அந்த நோட்ல எய்து."

ஜூன் 15, ஞாயிறு. காலை 4.40. முதல் தட்டு கீழ்த்தளத்தில் விழுந்தது. "எய்ந்துட்டேன்டா, எய்ந்துட்டேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகுதான் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது.