மூன்றாவது கையெழுத்து

ட்ரூடி ஹெக்மனிடம் வழி கேட்டால் மைல் கணக்குச் சொல்ல மாட்டாள். நிமிஷக் கணக்குத்தான். பேக்கரிக்கு ஆறு நிமிஷம். மருந்துக் கடைக்கு ஒன்பது. காய்கறிக் கடைக்குப் பதினொன்று. பனி உறைந்து வழுக்கினால் பதினாலு. இத்தனை கணக்கும் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து தொடங்கும். அங்கே ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றில் அவள் பதினேழு வருஷமாகக் குடியிருந்தாள். கட்டிடத்தில் மற்ற எல்லாரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மறுநாள் அதே வயதில் வேறு பிள்ளைகள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். ட்ரூடிக்கு மட்டும் வயது கூடிக்கொண்டே போனது. இப்போது நாற்பத்து மூன்று.

அவள் கார் ஓட்டாததை ஊரில் பலர் ஒரு கொள்கை என்று நினைத்திருந்தார்கள். காலையில் காபி வாங்க வரும் பேராசிரியர்கள், "இந்தப் பூமிக்கு நல்லது பண்றீங்க, ட்ரூடி" என்பார்கள்.

"பூமிக்கு என்னவோ, செருப்புக் கடைக்காரனுக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லிக் கோப்பையை நீட்டுவாள்.

உண்மையான காரணம் வலிப்பு. இருபத்திரண்டு வயதில் முதல் முறை வந்தது. அந்த மாநிலத்தில் மூன்று மாதம் வராமல் இருந்து டாக்டரும் கடிதம் கொடுத்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். இரண்டு முறை அப்படிக் கிடைத்தது. இரண்டாம் முறை கிடைத்து ஒரு வருஷம் கழித்து, சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது வலிப்பு வந்தது. வண்டி தானாக உருண்டு முன்னால் இருந்த வண்டியின் பின்பக்கத்தில் மெல்ல முட்டி நின்றது. யாருக்கும் கீறல் கூட இல்லை. ஆனால் பின் இருக்கையில் அவளுடைய அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே காரை விற்றுவிடச் சொல்லி சாவியை அக்கா கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு டாக்டர் எத்தனையோ முறை, "இப்போ ஓட்டலாம், ட்ரூடி" என்றார். "நீங்க விட்டாலும் நான் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீடு திரும்பினாள்.

காரை விட்ட நாளிலேயே தன் வாழ்க்கை எவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் போகும் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் அவள் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் நடக்கும் இலவசக் கச்சேரிக்குப் போவாள், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போவாள், ஆற்றங்கரையில் பனி உருகும் முதல் நாள் போய்ப் பார்ப்பாள். பேக்கரியில் வேலை காலை நான்கு மணிக்குத் தொடங்கும். முதல் பஸ் ஆறரைக்குத்தான். ஆகவே பேக்கரியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மருத்துவக் காப்பீடும் இல்லை, மாத்திரையும் இல்லை.

அந்த வீடுதான் போன நவம்பரில் அவள் கையை விட்டுப் போனது.

அந்த ஊரில் ஆகஸ்டில் குடியேறும் வீட்டுக்கு முந்தின நவம்பரிலேயே ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தொடர்ந்து இருக்க விரும்பினால், பதினைந்தாம் தேதி நண்பகலுக்குள் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு வாடகை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சேராத வீடுகளில், முன்பே யாரும் பேர் கொடுத்து வைக்காதவற்றுக்கு மறுநாள் காலை அலுவலக வாசலில் வரிசை. டிசம்பர் பிறக்கும்போது நடக்கிற தூரத்தில் ஒரு மாடிப்படி கூடக் காலி இருக்காது.

ட்ரூடியின் சீட்டை வாங்கிப் போக அலுவலகத்தை நடத்தும் டுவைட் லூண்டே ஒவ்வொரு வருஷமும் பேக்கரிக்கே வந்துவிடுவார். சீட்டை வாங்குவது ஒரு சாக்கு. பட்டைப் பொடி தூவிய இனிப்பு ரோல் இரண்டைச் சாப்பிடுவதுதான் விஷயம். அந்த வருஷமும் ட்ரூடி கையெழுத்துப் போட்டுக் கல்லாப் பெட்டிக்கு அடியில் சொருகி வைத்திருந்தாள். அவர் வரவில்லை. பதினைந்தாம் தேதி ஒரு மணிக்கு வேலை முடிந்து அவளே எடுத்துக்கொண்டு போனபோது காலம் கடந்திருந்தது.

"சீட்டு வரலையே, ட்ரூடி" என்றார் டுவைட். முகம் வெளுத்திருந்தது. "பன்னெண்டு மணி ஆச்சுன்னா கம்ப்யூட்டர் தானா வீட்டைக் காலின்னு காட்டிடுது. முன்னாடியே அதுக்குப் பேர் குடுத்து வச்சிருந்த ரெண்டு பசங்க பன்னெண்டு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீ காலி பண்றேன்னு நெனச்சேன்."

"நான் காலி பண்ணி எங்க போவேன்? பதினேழு வருஷமா நீங்கதானே வந்து வாங்கிட்டுப் போவீங்க?"

"டாக்டர் சர்க்கரையத் தொடாதேன்னுட்டார். உங்க கடை வாசம் மூக்குல பட்டா நான் மனுஷனா இருக்க மாட்டேன். ரெண்டு வாரமா எதிர்ப் பக்கத்து நடைபாதையிலதான் போயிட்டிருக்கேன்."

ட்ரூடிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "ஒரு ரோலுக்குப் பயந்து என் வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே, டுவைட்."

"திட்டு. உனக்கு உரிமை இருக்கு. ஆனா நாளைக்கு வரிசைக்குச் சீக்கிரம் வந்துடு."

தன்னை முன்னால் விடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் அந்த வரிசையில் குளிரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் மிஞ்சிய ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். இப்போது அவர்களைத் தாண்டிப் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக விடுப்புச் சொல்லிவிட்டு விடியும்போதே போனாள். அப்போதே இருபத்தாறாவது ஆள். நடைபாதை நெடுக மடக்கு நாற்காலிகள், போர்வைகள், பாடப் புத்தகங்கள். ஜன்னல் கண்ணாடியில் காலி வீடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. ஒருவர் முடித்து வெளியே வரும்போதெல்லாம் டுவைட் உள்ளிருந்து கறுப்புப் பேனாவால் ஒரு வரியை அடித்தார். தனி ஆள் வீடுகள் ஐந்து இருந்தன. பத்தாவது ஆள் வெளியே வருவதற்குள் ஐந்தும் அடிபட்டுவிட்டன.

ட்ரூடி வரிசையை விட்டு நகரவில்லை. நகர்ந்து போக வேறு இடம் இல்லை.

அவளுக்கு முன்னால் இரண்டு பெண்கள். உயரமானவள் கென்னா, பால் பண்ணை வீட்டுப் பெண். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டிருந்த குட்டைப் பெண் இட்செல், மில்வாக்கி நகரத்திலிருந்து வந்தவள். அவர்களோடு சேரவேண்டிய மூன்றாவது தோழி டெலானி இன்னும் வரவில்லை. வந்தது அவளுடைய குறுஞ்செய்திதான். கென்னா உரக்க வாசித்தாள்.

"கேளுடி. 'மன்னிச்சிருங்க செல்லங்களா, நான் ப்ரேடன்கூட இருக்கப் போறேன்.' ப்ரேடனாம்! பழகி மூணு வாரம் ஆகல. அவன் பல்லு தேய்ப்பானான்னாவது இவளுக்குத் தெரியுமா?"

"அவன் பல்லை விடு" என்றாள் இட்செல். "மூணு ரூம் வீட்டுக்கு மூணு பேரும் நேர்ல நின்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு பேர் போனா வெளிய போங்கன்னுடுவாங்க."

கென்னா திரும்பிப் பார்த்தாள். "ஏய், இவங்க பேக்கரி ட்ரூடிடி! ட்ரூடி, உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது வீடு தேடறாங்களா?"

"நான்தான் தேடறேன்."

"விளையாடறீங்களா?"

"இந்தக் குளிர்ல நாலு மணி நேரம் நின்னு விளையாடற வயசா எனக்கு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கென்னாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பாத்திரம் கழுவலன்னா எங்க அம்மா மாதிரி திட்டுவீங்களா?"

"நான் மூணு மணிக்கு எழுந்திருக்கணும். ராத்திரி எட்டுக்கே படுத்துடுவேன். உங்களத் திட்ட எனக்கு நேரமே கிடைக்காது."

"மிஞ்சின ரொட்டி?"

"தினம் கொண்டு வருவேன்."

"இட்செல், எனக்குச் சம்மதம்டி."

இட்செல் பட்டியலைப் பார்த்தாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மூன்று அறை வீடு இன்னும் அடிபடவில்லை. அங்கிருந்து பேக்கரிக்கு ஏழு நிமிஷம் என்பது ட்ரூடிக்குத் தெரியும். "சரி" என்றாள் இட்செல். "எனக்கும் ஓகே."

எல்லாம் இவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. ட்ரூடி வாயைத் திறக்காமல் நின்றால் போதும். கடைசியாக வலிப்பு வந்து நாலு வருஷம் ஆகிறது. மாத்திரை சரியாக வேலை செய்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் பெட்டியை இறக்கி வைத்தபின் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம். இருபத்து நாலு வயதில் அவள் ஒருத்தியோடு சேர்ந்து குடியிருந்தாள். விஷயத்தைச் சொன்ன அன்று சாயங்காலமே அந்தப் பெண் பெட்டி கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ட்ரூடி யாரோடும் வீட்டைப் பகிர்ந்துகொண்டதில்லை. வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. இன்னொரு ஆள் நகர்ந்தது. முன்னால் இருந்த பெண்கள் அறைகளில் எது யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ட்ரூடி. "கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு வலிப்பு வரும். கடைசியா வந்து நாலு வருஷம் ஆச்சு. ஆனா இனிமே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல."

கென்னா கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. "எங்க பண்ணையில டாட்டின்னு ஒரு பசுவுக்கு வரும். பக்கத்துல இருக்கற வாளியெல்லாம் நகர்த்திட்டு நிப்போம். கொஞ்ச நேரத்துல எழுந்து நின்னு நம்மள முறைக்கும்."

"கென்னா! அவங்களப் பசுங்கறியா?"

"டாட்டி நல்ல பசுடி!"

"அவளத் திட்டாத, இட்செல்" என்றாள் ட்ரூடி. "டாக்டர் சொல்றதும் அதேதான். பக்கத்துல இருக்கறத நகர்த்தணும், ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

இட்செல் சிரிக்கவில்லை. "நீங்க இத கையெழுத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன். ரெண்டு ஆள் உள்ள போற வரைக்கும் நெனச்சிட்டுதான் இருந்தேன்."

"எனக்குப் பயமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"பயமா இருந்தா வேணாம், இட்செல். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இட்செல் விறுவிறுவென்று தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் போய் முதுகைக் காட்டி நின்றாள். ட்ரூடி தன் பூட்சின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ அம்மாவுக்குப் போன் பண்றா போலிருக்கு" என்று கென்னா முணுமுணுத்தாள். "அவங்க அம்மா இவளக் குடை இல்லாம வெளிய விட மாட்டாங்க." அவர்களுக்கு முன்னால் இருந்த பையன் உள்ளே போனான். ஜன்னலில் பேனா இறங்கியது. பட்டியலில் சைக்கிள் கடை வீட்டுக்கு அடுத்த வரி அடிபட்டது.

இட்செல் திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "அம்மாவுக்குப் பண்ணல. பண்ணா வேணாம்பாங்க. அதான் தனியா போய் யோசிச்சேன்." மூச்சு விட்டாள். "டெலானி ஒரு வருஷமா எங்க ரூம்ல இருக்கா. நேத்து ராத்திரி கூட எங்ககூடப் பீட்சா தின்னா. ஒரு வார்த்தை சொல்லல. நீங்க எங்ககூடப் பேச ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்தான் ஆகுது." பிறகு விரலை நீட்டினாள். "ஆனா குளிக்கும்போது கதவைத் தாழ் போடக் கூடாது."

"நான் என்னைக்குமே போடறதில்ல. உள்ள இருக்கேன்னு தெரியறதுக்குப் பாடிட்டே குளிப்பேன்."

"நல்லாப் பாடுவீங்களா?" என்றாள் கென்னா.

"இல்ல."

"அப்போ அதையும் கையெழுத்துக்கு முன்னாடியே சொன்னதா வச்சுக்கறோம்."

உள்ளே மூன்று பேரும் மேஜை முன்னால் போய் நின்றபோது டுவைட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒப்பந்தத்தைத் திருப்பி வைத்தார். கென்னா போட்டாள். இட்செல் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் போட்டாள். மூன்றாவது கோட்டில் ட்ரூடி தன் பெயரை எழுதினாள். கை விறைத்துப் போயிருந்ததால் எழுத்து கோணலாக விழுந்தது.

"கடைசிப் பக்கத்துல ஆபத்துக்குக் கூப்பிட ஒரு பேரு வேணும்" என்றார் டுவைட். "உள்ளூர்ல இருக்கறவங்க."

ட்ரூடியின் அக்கா நானூறு மைலுக்கு அப்பால் இருந்தாள். பேனா நின்றது.

"இத்தனை வருஷமா என் பேரைத்தானே எழுதுவ?" என்றார் டுவைட் மெதுவாக. "எழுதிக்கோ. எனக்கு ஒண்ணுமில்ல."

"அவர் பேரு எதுக்கு?" என்றாள் இட்செல். "அவர் எதிர்ப் பக்கத்துல போறவர்னு வரிசையில நீங்கதானே சொன்னீங்க?" பேனாவை வாங்காமல், காகிதத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டித் தன் போன் நம்பரைச் சொல்லத் தொடங்கினாள். பாதி நம்பரில் நிறுத்தி, ட்ரூடி எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, மீதியைச் சொன்னாள்.

"என் நம்பரும் கீழ எழுதுங்க" என்று கென்னா இடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு வரிதான் இருக்கு" என்றார் டுவைட்.

"ஓரத்துல எழுதட்டும்" என்றாள் ட்ரூடி. காகிதத்தைத் திருப்பி, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் இரண்டாவது நம்பரையும் எழுதினாள்.