துடைத்தால் போகாத தூசி

சட்டையின் கீழ்முனையை இழுத்துப் பிடித்து, கணினித் திரையின் வலது மூலையை அழுத்தித் துடைக்கிறார் வானியல் ஆய்வாளர். புள்ளி போய்விட்டால் அது தூசி. போகாவிட்டால் கேலக்ஸி. இந்த முதற்கட்ட ஆய்வில் தேறாத எதையும் அவர் நம்புவதில்லை. அதன் விளைவாக அவருடைய சட்டைகள் எல்லாம் மேலே வெள்ளையாகவும் கீழே சாம்பலாகவும் இருக்கின்றன.

துடைத்தால் போகாததும் தூசிதான் என்பது இதில் உள்ள வேடிக்கை. வெகுதொலைவில், நட்சத்திரங்களை மும்முரமாகப் பெற்றுத் தள்ளும் கேலக்ஸிகளைத் தூசி போர்த்தி மறைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் வெளிச்சத்தில் அந்தத் தூசி லேசாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு வரும் வழியெல்லாம் நீண்டு நீண்டு, மில்லிமீட்டர் அலையாக நம்மிடம் வந்து சேர்கிறது. எங்கோ ஒரு வறண்ட மலையுச்சியில் நிற்கும் தொலைநோக்கி அதை வாங்கி அனுப்ப, இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வானத்தின் படமாகத் தைக்கிறார்.

"ஆயிரம் கோடி வருஷத்துத் தூசிக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இந்த ஃபேன் மேல இருக்கற தூசிக்கு யாரு குடுப்பா?" என்பது மனைவியின் நிலைப்பாடு.

இந்த அலைகளுக்கு இன்னொரு விசேஷ குணம் உண்டு என்று அவர் சாப்பாட்டு மேசையில் விளக்கியிருக்கிறார். "மத்த வெளிச்சமெல்லாம் தூரம் போகப் போக மங்கிடும். இது அவ்வளவா மங்காது."

"எங்க அக்கா மாதிரி. கடல் தாண்டிப் போயும் சத்தம் குறையலையே" என்றார் மனைவி. விஞ்ஞானம் அந்த வீட்டில் இப்படித்தான் பரவுகிறது.

அவருக்கு உலகில் ஒரே பகை தண்ணீர். காற்றிலுள்ள நீராவி தானும் அதே அலைகளில் ஒளிர்ந்து, கேலக்ஸியின் முனகலை அமுக்கிவிடும். அதனால் கொதிக்கிற கெட்டிலைப் பார்த்தால் முகம் சுளிப்பார். மூக்குக்கண்ணாடியைக்கூட வாயால் ஊதித் துடைக்க மாட்டார். "மூச்சுல இருக்கறதும் தண்ணிதானே!" காலையில் எழுந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் ஈரப்பதமானியைப் பார்ப்பார். அந்த மலையின் ஈரத்துக்கும் இந்தத் தெருவின் ஈரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் எதிரி எங்கே தங்கியிருக்கிறான் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது அல்லவா?

இதனால் பயனடைந்தது தெரு. பிரபஞ்சத்தின் இளமைப் பருவத்தை ஆராயும் இந்த மனிதருக்குத் தெருவில் வழங்கும் பெயர் 'ஈரப்பதம்'. எதிர்வீட்டுக்காரி வாளியுடன் வந்து நின்று, "அண்ணே, துணி போடலாமா?" என்பாள்.

"சட்டை, பாவாடை போடும்மா. பெட்ஷீட் மட்டும் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல ஈரம் இழுத்துக்கும்."

அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

நீராவியைப் படத்திலிருந்து நீக்க ஒரு வழி இருக்கிறது. தொலைநோக்கியின் கேமராவில் உள்ள உணரிகள் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி கத்தினால் அது நீராவி, தள்ளிவிடலாம். ஏதோ ஒன்று மட்டும் தனியாக முனகினால் காதைத் தீட்ட வேண்டும். இதை அவர் குடும்பத்திலும் அமல்படுத்திவிட்டார். கொல்லைக்கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்யும்படி மனைவியும் மகளும் சேர்ந்து சொன்னால் அவர் காதில் ஏறாது. "ரெண்டு பேரும் போனா வேலைக்காகாதுடி. நீ மட்டும் போய் மெல்லமா சொல்லு" என்று மனைவி மகளை அனுப்புவார். தாழ்ப்பாள் அன்றே சரியாகும்.

அவருடைய படத்தின் வலது மூலையில் ஒரு மங்கல் புள்ளி. கேலக்ஸிகளின் பட்டியலில் ஏறுவதற்கு வேண்டிய பிரகாசம் அதற்குக் கொஞ்சம் போதாது. மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அவர் தைத்துவரும் மூலை அது. மகள் அந்தப் புள்ளிக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்திருக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பும்போது, "தம்பி எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்பாள். "இளைச்சிருக்கான். ஆனா இருக்கான்" என்பார்.

ஆய்வுக் குழுத்தலைவிக்கு இந்த உறவுமுறையில் நாட்டமில்லை. பதிவுகளைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு படம் போட்டு, "ரெண்டு பாதியிலயும் இருக்கு மேடம். இரைச்சல்னா ஒண்ணுலதானே வரும்?" என்று இவர் காட்டினார்.

"ரெண்டு பாதியிலயும் அரைகுறையாத்தானே இருக்கு?"

கடைசியில், இன்னும் கூர்மையான பெரிய தொலைநோக்கியால் ஒரே ஒரு முறை பார்ப்பது என்று முடிவாயிற்று. "இருந்தா உங்க மூலைய இன்னும் தோண்டலாம். இல்லேன்னா அத மூடிட்டு வேற பக்கம் போறோம். அப்புறம் பேச்சு கூடாது" என்றார் தலைவி. இவர் சம்மதித்தார்.

படம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. மணலைக் கொட்டிப் பரப்பியதுபோல் எங்கும் ஒரே சொரசொரப்பு. தம்பி இருக்க வேண்டிய இடத்திலும் மணல்தான்.

தொலைபேசியில் தலைவி வந்தார். "பாத்தீங்களா? வெறும் இரைச்சல்தாங்க."

"ஆமா மேடம். ஆனா ரெண்டு பாதியிலயும்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. புது மூலை நல்ல மூலை. விசாலமா இருக்கும்" என்று வீட்டுத் தரகரின் குரலில் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வாசலில் வாளிச் சத்தம். "அண்ணே, துணி போடலாமா?"

"தெரியலம்மா."

எதிர்வீட்டுக்காரி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய், ஏற்கெனவே கொடியில் கிடந்ததையும் சேர்த்து வாரிக்கொண்டு உள்ளே போனாள். மேலே ஒரு மேகம் இல்லை.

மகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள்; மெதுவாகத்தான் கேட்டாள். "தம்பி இல்லையாப்பா?"

அவர் சட்டையின் கீழ்முனையை இழுத்துப் பிடித்தார். திரைக்கு வெகு அருகில் குனிந்து, வாயைத் திறந்து, வலது மூலையில் 'ஹா' என்று ஊதினார். திரைக் கண்ணாடி பனித்தது. ஒன்றுமில்லாத அந்த இடத்தை அழுத்தி, நிதானமாக, துடைக்கத் தொடங்கினார்.