திருநீறு கீறிய மூக்குக்கண்ணாடி

பூசை முடிந்ததும் திருநீறு படிந்த சால்வையாலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தனான என் நெடுநாள் வழக்கம்.

சென்ற மாதம் ஒரு மாலை, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்குச் செல்லும் ஒழுங்கையில் யுத்தத்துக்காகப் போட்டிருக்கும் சோதனைச்சாவடியை நெருங்கினேன். எதிர்வெயில் கண்ணாடியில் சிதறிக் கூசியதால், நிற்கும்படி சிப்பாய் காட்டிய கை எனக்குத் தெரியவில்லை. அவர் துவக்கை உயர்த்திய கணத்தில், அருகே செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த சிங்களவர், “ஐயா, போக வாணாம்! நில்லுங்க!” என்று கத்தியபடி என் கையைப் பற்றி நிறுத்தினார். ‘இவருக்குக் கண் தெரியாது’ என்று சிப்பாயிடம் சிங்களத்தில் கெஞ்சினார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனால் அதுவே என் உயிரைக் காத்தது.

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் வில்லைகளைப் பார்த்துச் சிரித்தார். “ஐயா, திருநீறோட துடைச்சனீங்களோ? கூச்சத்தைத் தடுக்கிற கோட்டிங் முழுக்கக் கீறிப்போச்சு.”

இப்போது புதிய வில்லைகளை முதலில் தண்ணீரில் கழுவி, பின்னரே மென்துணியால் ஒற்றுகிறேன். யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லிப் பழகாத நான், அந்த இளநீர்க்காரரைக் கண்டால் நின்று கைகூப்புகிறேன்.