மயக்க மருந்து டொக்டரின் இரண்டு விரல்கள்

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காகக் கிடந்தேன். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் நெட்டையர், சிரிக்காத முகம். நாடித்துடிப்பைக் காட்ட மெசின் இருந்தும், என் மணிக்கட்டை இரண்டு விரல்களால் பிடித்தபடியேதான் கதைத்தார்.

"துடிப்பு சரியான மெதுவாக் கிடக்குது. என்ன குளிசை போட்டனீங்கள், அண்ணை?"

"நித்திரைக் குளிசை. தங்கச்சி கனடாவில இருந்து அனுப்பினவள். பயத்தில ரெண்டு போட்டனான்."

"இதயத்துக்குத் தாளம் போடுற கலங்கள், அதுதான் செல்லுகள், இருக்கு. உங்கடை குளிசை அதுகளையும் அசத்திப்போட்டுது போல. அதுக்கு மேல நானும் தாலாட்டுப் பாடினால் எழும்பாதுகள். இண்டைக்கு ஒப்பரேஷன் இல்லை."

பின்னேரம் என்னை வீட்டுக்கு அனுப்பும்போதும் அந்த விரல்கள் வந்து தொட்டுப் பார்த்தன.

எழுதி எழுதி எத்தனையோ வாசகர்களை நானும் உறங்க வைத்திருக்கிறேன். ஒருவருடைய நாடியையாவது பிடித்துப் பார்த்தேனா?