சிலிண்டருக்குச் சவரம்

வேன் கதவு திறந்ததும் சிக்கந்தர் பாய் தலையை மட்டும் உள்ளே நீட்டி மூக்கை உறிஞ்சுகிறார். முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை அந்த மூக்கு ஒரு சுற்று போய்வருகிறது.

“ஏனுங்க, ஊதுபத்தி வாசம் வருதுங்களே. ஆரு பத்த வெச்சது?”

“மாதா படத்துக்குங்க பாய். வண்டி எடுக்கறதுக்கு முன்னால தெனமும் வெக்கறதுதானுங்க,” என்கிறார் டிரைவர் ரூபன்.

“மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க. பத்தி அணைஞ்சப்பறம் என்ற பொருளு ஏறும். அதுவரைக்கும் அல்லாரும் சித்தே காத்து வாங்கலாமுங்க.”

பெரியநாயக்கன்பாளையம் மெயின் ரோட்டில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டியிருக்கிறது அவருடைய கடை. ஊட்டிக்கு வேன் பிடித்துப் போகிற கூட்டங்களுக்குச் சின்ன கேஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வாடகைக்குக் கொடுக்கிறார். நம் ஜனங்கள் எத்தனை தூக்குப் போசி நிறையத் தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு போனாலும், மலைமேல் எதையாவது கொதிக்க வைத்துக் குடித்தால்தான் ஊட்டி பார்த்த கணக்கில் சேரும். அந்தக் கொதியில்தான் பாயின் பிழைப்பு நடக்கிறது.

சிலிண்டர் வேனில் ஏறுவது மாப்பிள்ளை ஏறுவதைப் போன்ற காரியம். அதற்கு ஜன்னலோரம்தான் வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கீறி, கழுத்திலும் இடுப்பிலும் சுற்றிச் சீட்டுக் காலோடு இறுக்கிக் கட்டுகிறார். இடம் போதவில்லை, கொஞ்சம் படுக்க வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது வாய் திறந்தால் தீர்ந்தது. “அது ஒக்காரவும் மாட்டீங்குது, படுக்கவும் மாட்டீங்குது. கண்டக்டரு மாதிரி நின்னுட்டுத்தானுங்க வரும்.” பக்கத்து ஜன்னலை மூடவும் கூடாது. குளிர் என்று முனகிய ஒரு பெண்ணிடம் அவர் சொன்னது: “குளுந்தா ஸ்வெட்டர் போட்டுக்குங்க கண்ணு. அது ஒழுகுனா போட்டுக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது.”

ஏற்றுவதற்கு முன்பே கடை வாசலில் சிலிண்டரை அடுப்போடு மாட்டிப் பார்ப்பது இன்னொரு படலம். சட்டைப்பையிலிருந்து பழைய பெப்பர்மின்ட் டப்பா ஒன்று வெளியே வரும். அதற்குள் இருப்பது வாஷர், அதாவது சிலிண்டர் வாயில் வைக்கிற ரப்பர் வளையம். பழையதை நகத்தால் கீறிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் புதியதைப் போடுவார். ரெகுலேட்டரை வைத்து அழுத்தும்போது ‘டொக்’ என்று கேட்க வேண்டும். அது கேட்பதற்காக வேனில் பாட்டுக் கேசட்டை நிறுத்தச் சொல்வார். கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கழற்றி மறுபடியும் மாட்டுவார். சந்தேகம் எப்போதும் வரும்.

அதன்பிறகு சவரம். கிண்ணத்தில் சவர சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் சிலிண்டரின் கழுத்திலும் கேஸ் டியூபின் இரண்டு முனைகளிலும் நுரையைப் பூசுவார். நுரையில் குமிழி கிளம்பினால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். தன் முகத்துக்கு வெள்ளிக்கு வெள்ளிதான் சவரம். சிலிண்டருக்குத் தினசரி.

இவ்வளவும் முடிந்து, எரித்துப் பார்க்க அடுப்பு தயார் என்கிற நிலையில்தான் அந்த வாசகம் வரும். “பத்த வெய்ங்க. நான் கை கழுவிட்டு வாரேன்.” சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவார். அடுப்பு எரிகிறது என்று யாராவது கூப்பிட்டுச் சொல்லும்வரை அந்தக் கை சுத்தமாகாது.

போன மாதம் வரைக்கும் சிக்கந்தர் பாய் தன் வாழ்நாளில் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. காரணம் கேட்டால், “கையில சோப்பு இருக்குதுங்க, குச்சி நமுத்துப் போயிரும்” என்பார். பயம் என்று ரூபன் சொல்கிறார். “பயமெல்லாம் இல்லீங்க, நெருப்புமேல மரியாதை” என்று பாயின் மனைவி நஃபீசா சொல்கிறார், சிரிக்காமல். காலையில் அந்த அம்மாள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும்போது பாய் தெருவில் நின்று வானம் பார்ப்பார். “பத்திருச்சு, வாங்க” என்று குரல் வந்த பிறகுதான் உள்ளே டீ.

போன மாதம் ஒரு பஞ்சாலைப் பெண்கள் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். ஏற்பாடெல்லாம் அவர்களில் ஒருவரான கயல்விழி. இரண்டு சீட்டு மிஞ்சியது. “பாய், நீங்களும் அக்காவும் வாங்க. சிலிண்டருக்குக் காவலுக்கு ஆளாச்சு” என்று அவர் கூப்பிட்டார். நிக்காஹ் ஆன நாளிலிருந்து ஊட்டி ரோட்டில் குடியிருந்தும் ஊட்டியைப் பார்க்காத நஃபீசா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

“அங்க நீங்களே அடுப்பப் பத்த வெச்சு, நீங்களே டீ போடோணும். நான் உக்காந்து குடிக்கோணும். இல்லீனா நாளைக்கிருந்து நம்மூட்டு அடுப்பு பத்தாது.”

“அப்ப சோறு?”

“சோத்துக்குத்தானுங்க? கை கழுவிட்டு வாங்க, பாக்கலாம்.”

காரமடையில் வேன் கோயில் வாசலில் நின்றது. மலை ஏறுவதற்கு முன் வண்டிக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியாக வேண்டும். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி சிலிண்டருக்கும் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றிவிட்டிருந்தாள். மல்லிகையைக் கண்ட பூசாரி, இதுவும் பூசைப் பொருள்தான் என்று முடிவு செய்து, கற்பூரத் தட்டோடு வேன் படியில் ஏறினார்.

“சாமி! அதுக்குக் காட்டாதீங்க சாமி!”

நாடாவை அவிழ்த்து, சிலிண்டரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாகக் குதித்து, தேர் நிற்கும் இடம் வரைக்கும் ஓடினார் பாய். கற்பூரம் அணையும்வரை அங்கேயே கைப்பிள்ளைக்காரியைப் போல நின்றார். மல்லிகைச் சரம் காற்றில் ஆடியது.

“கொழந்தைக்கு மொட்டை எப்பங்க?” என்று ரூபன் கத்தினார். வேன் முழுக்கச் சிரித்தது. நஃபீசா சிரிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புல்மேடு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாய் வேலையை ஆரம்பித்தார். வாஷர் பார்த்தார். ‘டொக்’ கேட்டார். கேட்டது போதாமல் கழற்றி மறுபடி கேட்டார். சவரம் செய்தார். காற்று அடிக்கிறது, வேனைக் குறுக்கே நிறுத்துங்கள் என்றார். ரூபன் நிறுத்தியதும், என்ஜின் சூடு ஆகாது, தள்ளி நிறுத்துங்கள் என்றார். நுரை காய்ந்துவிட்டது என்று இரண்டாம் சவரத்துக்கு பிரஷ்ஷை எடுத்தார்.

“பாய், டீ ராத்திரிக்குங்களா?” என்றார் கயல்விழி.

“பத்த...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் நஃபீசாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைய சோறு, நாளை மறுநாள் சோறு, அதற்கப்புறம் சாகும்வரைக்குமான சோறு எல்லாம் அந்தத் தீப்பெட்டிக்குள் இருந்தன.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “மொதல்ல குச்சி, அப்பறம்தான் திருகு,” என்று ஊருக்கெல்லாம் சொல்கிற பாடத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது கிழிபட்டதும் காற்றில் அணைந்தது. மூன்றாவது பிடித்தது. உடம்பை ஏரிப் பக்கம் திருப்பி, முகத்தை அதற்கும் அப்பால் திருப்பி, கண்களை இறுக மூடி, குச்சி பிடித்த கையை மட்டும் அடுப்புக்கு அனுப்பினார். மறுகை திருகைத் தொட்டுத் தடவித் திறந்தது.

‘புப்’ என்றது. அவ்வளவுதான்.

“பத்திருச்சுங்களா?” கண் திறக்கவில்லை.

நஃபீசா குனிந்து, அவர் விரலைச் சுட இருந்த குச்சியை வாயால் ஊதி அணைத்தார். போசியில் தண்ணீரும் பாலும் ஊற்றி அடுப்பில் வைத்தார். பிறகு எழுந்து, “நான் கை கழுவிட்டு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையைப் பார்த்து நடந்து, புல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

பாய் கண்ணைத் திறந்தார். நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவரும் அதுவும் மட்டும் எதிரெதிரே. ஒரு கை திருகை விடாமல் பிடித்திருக்க, மறு கையால் தூளைப் போட்டார், சர்க்கரையைப் போட்டார், கலக்கினார். பொங்கி வந்தது. திருகை மூடி, முதல் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி ஏரிக்கரைக்கு நடந்தார்.

திரும்பி வந்தவர், அடுப்பைப் பற்றவைத்த அந்தக் கரிக்குச்சியைப் புல்லில் தேடி எடுத்தார். நுரைக் கிண்ணத்தில் ஒருமுறை முக்கி, சூடு போய்விட்டதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பெப்பர்மின்ட் டப்பாவைத் திறந்து, புது வாஷர்களுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்து மூடினார்.