இரண்டு காதுக்குப் பின்னாலும்

பணிமனையில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முப்பத்தாறு வருடம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர். ஆறு பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டியை ஒரு நாளும் ஆறு பதினொன்றுக்கு எடுத்ததில்லை. கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்தபடியே கிளம்பிவிடுவார். "ஒருத்தன் சோம்பேறியா இருந்தா உள்ள இருக்கற அறுபது பேரும் காத்திருக்கணுமா?" என்பார். நியாயமான கேள்வி.

அவர் மனைவிக்கோ சக்கரம் வைத்த எதுவும் ஒத்துக்கொள்ளாது. டீசல் வாடை பட்டாலே முகம் வெளுத்து, வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிடும். "எல்லாம் மனசுதான். நினைச்சா வரும், நினைக்கலேன்னா வராது" என்பது அவருடைய வைத்தியம். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல டிரைவர் பெண்டாட்டிக்கு பஸ் ஆகாது என்று பணிமனையிலும் சொல்லிச் சிரிப்பார். போன வருடம் அவள் நுரையீரல் நோயில் இறந்துபோனாள்.

அதன் பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒரே மகளுக்கு அது பொறுக்கவில்லை. ஆறு நாள் கப்பல் பயணம் ஒன்றுக்குச் சீட்டு வாங்கினாள். கணவனுக்கு லீவு கிடைக்காததால் அப்பாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். கிளம்பும் நாள் காலையில் அவர் வலது காதுக்குப் பின்னால் கடல் வாந்தியைத் தடுக்கும் காசு அளவு மருந்துப் பேட்ச் ஒன்றை ஒட்டிவிட்டாள்.

"டாக்டர் கொடுத்தாரு. கப்பல் ஏற நாலு மணி நேரம் முன்னாடியே ஒட்டணுமாம். மூணு நாளைக்குத் தாங்கும்."

"எனக்கா? மலைப்பாதையில வளைச்சு வளைச்சு ஊரையே வாந்தி எடுக்க வெச்சவன்மா நான்."

"அதனாலதான்ப்பா. சும்மா இருங்க."

மகள் ஆசைப்பட்டு எடுத்த அறை மேல்தளத்தில், கப்பலின் மூக்குக்கு அருகில் இருந்தது. பெரிய ஜன்னல். இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. மூக்கு ஏறி ஏறி இறங்கியது. காலை உணவுக்கு முட்டை வந்தது. அதன் வாசனையிலேயே கடிகாரம் நின்றுபோனது. பாத்ரூம் தரையில் மண்டி போட்டுக் குடலே வெளியே வருவதுபோல் எடுத்தார். மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை. பிரேக் பிடிக்காவிட்டால் இன்னும் அழுத்தி மிதி என்பது டிரைவர் புத்தி. அவள் பையிலிருந்து இன்னொரு பேட்சை எடுத்து இடது காதுக்குப் பின்னாலும் ஒட்டி, மேலே கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் மகள் சாப்பிடப் போயிருந்தாள். வெயில் நேராக அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர். இரண்டு கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வாயைத் திறந்து மோவாய்க்குக் கீழே பிடித்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கப்பல் சாயும்போதெல்லாம் பை சரசரத்தது.

"எப்ப வந்தே?" என்றார். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் தோள்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின.

"கிட்டத்துல பாக்காதே. தூரத்துல பாரு. வானமும் தண்ணியும் சேர்ற அந்தக் கோட்டைப் பாரு. அது ஆடாது."

உயிரோடு இருந்தவரை அவளுக்கு அவர் சொல்லாத யோசனை அது.

மகள் உலர்ந்த பிஸ்கட்டும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவுக்கு முடியல. ஓடிப்போய் வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றார்.

மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அறை போனை எடுத்தாள்.

கப்பலின் நர்ஸ் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். ஐம்பது வயதுக்காரி, வாந்திக்கு நடுவிலேயே உத்தியோகம் பார்த்தவள், எதற்கும் அசரமாட்டாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். அவர் தப்பாகச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தாள். இரண்டு கண்பாப்பாவும் அகல விரிந்திருந்தன. குல்லாயைக் கழற்றினாள்.

"ஐயா, இது ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். வயசானவங்களுக்கு ஒண்ணே சில சமயம் புத்தியக் குழப்பிடும். நீங்க டபுள் இன்ஜின் மாட்டிட்டீங்க." இரண்டையும் உரித்து மடித்தாள். காதுகளைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, "ஒரு நாள்ல எல்லாம் தெளிஞ்சிடும்" என்றாள்.

"அவளுமா?"

நர்ஸ் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்களும்தான் ஐயா."

மறுநாள் காலையில் நாற்காலியில் ஸ்வெட்டர் மட்டும் இருப்பதுபோல் தெரிந்தது; கிட்டப் போனால் மகளுடைய துண்டு. பையின் சரசரப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பத்து மணிக்கு அதுவும் இல்லை. அறை சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது. அவரால் அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை.

மாலையில் நர்ஸ் மறுபடி பார்க்க வந்தாள். டார்ச் அடித்தவள் கையை இறக்கவில்லை. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருந்தது. பக்கவாதமோ என்று கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள். மகள் பயந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

"ஐயா, பேட்சத் தொட்ட கையால கண்ணத் தேய்ச்சீங்களா?"

அவர் சட்டையின் இரண்டு பொத்தானைக் கழற்றினார். நெஞ்சில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது.

"காலையில ஒட்டினேன். எட்டு மணி நேரமாச்சு" என்றார். "அவ வரல."

நர்ஸ் திட்டவில்லை. பேட்சை எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்ககிட்ட என்ன கேக்கணும்?"

"கேக்க ஒண்ணுமில்ல. நிறுத்தணும். அவ்வளவுதான்."

பிறகு சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக அவளை அவருடைய பஸ்ஸிலேயே கூட்டிப்போனார். அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மலை இறங்கும்போது, "ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்றாள். மூன்று தடவை சொன்னாள். அன்றைக்கு வண்டி நாலு நிமிடம் தாமதம். கண்ணாடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. அவள் தன் மடியிலேயே எடுத்தாள். பின்சீட்டில் யாரோ, "சொந்தப் பெண்டாட்டிக்கே நிக்கலையே!" என்று சிரித்தான். அவருக்கு அது பாராட்டாகப் பட்டது. பிறகு அவள் சாகும்வரை பஸ் ஏறவில்லை. தன் அம்மா சாவுக்கே மூன்று மணி நேரம் நடந்து போனாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் மகள், கதவோரத்திலிருந்தே.

"உனக்கு அப்ப அஞ்சு வயசு."

"என் கவுனாலதான்ப்பா அம்மா மடியத் தொடைச்சேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. நர்ஸ் எழுந்து, "இந்த ரூமே தப்பு. பஸ்ல கடைசி சீட்டு மாதிரி இதுதான் அதிகமா தூக்கிப் போடும். அது உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். அன்றே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் காலியாக இருந்த அறைக்கு அவர்களை மாற்ற ஏற்பாடு செய்தாள். பேட்ச் பாக்கெட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் எழுதிய வேறு மாத்திரையைக் கொடுத்து, கடல் கொந்தளிப்பதற்கு முன்பே போட வேண்டும், வயிற்றைக் காலியாக விடக்கூடாது என்றாள்.

மறுநாள் காற்று மீண்டும் எழுந்தது. அவர் மாத்திரையைத் தொடவில்லை. "அவ ஒண்ணும் போட்டுக்காமத்தானே பட்டா. நானும் படறேன்."

மகள் மாத்திரையை அவர் முன்னால் நீட்டியபடி சொன்னாள்: "அம்மாவும் வாந்தி மாத்திரை வெச்சிருந்தாங்கப்பா. மாவு டப்பாவுக்குள்ள. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு ஒளிச்சு வெச்சாங்க. தேதி முடிஞ்சா தூக்கிப்போட்டுட்டு வேற வாங்குவாங்க."

"எதுக்கு? அவதான் எங்கயும் போகலியே."

"என்னிக்காவது நீங்க கூப்பிட்டா போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்னு."

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேட்கவில்லை, அப்படியே விழுங்கினார்.

மீதி நாட்களில் வாந்தி வரவில்லை. நடுத்தளத்தில், திறந்த இடத்தில் நின்று வானமும் தண்ணீரும் சேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள்.

ஊர் திரும்பியதும் தரை ஆடியது. சிலருக்கு அப்படி இருக்கும், சில நாளில் தானாகப் போய்விடும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். பல் தேய்க்கும்போது, அடுப்பு பற்றவைக்கும்போது, படுத்தால் இன்னும் அதிகமாக, வீடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அப்போதெல்லாம் அவர் அசையாமல் இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இரண்டு மூன்று முறை, அடுத்த அறையில் பை சரசரப்பதுபோல் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் முகம் மழிக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டது. கண்ணாடி, குழாய், தரை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மகள் போன் செய்தாள். "ஆட்டம் நின்னுடுச்சாப்பா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு."